மலைக்குத் தேவை முரட்டு வண்டி

நாமக்கல் பக்கமிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். மேலே, படகு இல்லத்தால் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழக்கமான வாசலூர்பட்டி வட்டாரத்தில் மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசி எல்லாம் விளைகின்றன. தோட்டங்களுக்குப் போகும் மண் தடமோ நல்ல மழை பெய்தால் சேறாகிவிடும். அங்கே வண்டி சிக்கினால் விளைச்சலும் சிக்கியதுதான்.

இந்தத் தடங்களுக்கென்றே பிறந்தவை பழைய பாணி ஜீப்புகள். ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடல் பகுதியைத் தனியாகப் பொருத்தியிருப்பார்கள்; மேடு பள்ளத்தின் அதிர்ச்சியைச் சட்டம் தாங்கிக்கொள்ளும். பின் சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுழலும்போது ஃபோர் வீல் டிரைவைப் போட்டால் முன் சக்கரங்களும் இழுக்கும். 'லோ' கியரில் வேகம் குறைந்து இழுவை கூடும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்று இங்கே பொருத்தித் தயாரிக்கத் தொடங்கியது மஹிந்திரா. 1985-இல் மாருதி ஜிப்ஸி வந்தது. ராணுவமும் வனத்துறையும் அதை விரும்பி வாங்கின. ஸ்பேனரும் அனுபவமும் இருந்தால் ஊர் மெக்கானிக்கே பழுது பார்த்துவிடலாம் என்பதுதான் இந்த வண்டிகளின் பெரிய பலம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, எஞ்சினில் சென்சார்கள் பெருகின. பல கோளாறுகளைக் கண்டுபிடிக்கவே இப்போது கணினி தேவைப்படுகிறது.

இதற்கிடையே நகரங்களில் ஜீப் மோகம் பிடித்துக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று மஹிந்திராவின் 'தார் ராக்ஸ்' வண்டிக்கு முன்பதிவு தொடங்கிய முதல் 60 நிமிடங்களில் 1,76,218 பேர் பதிவு செய்தார்கள். வெளிநாட்டிலும் இதே மோகம்தான்: இந்தியாவில் தயாராகும் ஐந்து கதவு ஜிம்னி வண்டியை 2025 ஜனவரி இறுதியில் ஜப்பானில் அறிமுகம் செய்தது சுசுகி. நான்கே நாளில் சுமார் 50,000 பேர் கேட்டதால் முன்பதிவையே நிறுத்தி வைத்தது.

ஆனால் இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் சேற்றுத் தடம் தேவையில்லை. 2023 ஜனவரியில், பின் சக்கரங்களை மட்டும் இயக்கும் தார் ரூ. 9.99 லட்சத்தில் விற்பனைக்கு வந்தது. 2024-இல் ராக்ஸ் வரிசையின் தொடக்க விலை ரூ. 12.99 லட்சம், அதிலேயே ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமென்றால் ரூ. 18.79 லட்சத்திலிருந்து என அறிவித்தார்கள். தோற்றம் எல்லோருக்கும் எட்டுகிறது. மலை விவசாயிக்கு வேண்டிய இழுவை மட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

பழையதே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த ஜீப்புகளில் காற்றுப்பை கிடையாது. பக்கவாட்டு இருக்கைகளில் இடித்துப்பிடித்து உட்கார்ந்து போகிறவர்களுக்கு விபத்தில் பாதுகாப்பு மிகக் குறைவு. 2020-இல் வந்த புதிய தார், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. உறுதியும் பாதுகாப்பும் ஒரே வண்டியில் சாத்தியம் என்பதற்கு அதுவே சான்று.

எளிய வேலை வண்டிக்கு வெளிநாட்டில் இன்றும் சந்தை இருக்கிறது. 1984-இல் அறிமுகமான டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையை ஆஸ்திரேலியாவின் சுரங்கங்களும் பண்ணைகளும் விடாமல் வாங்குகின்றன. நம் நிறுவனங்களும் தொடுதிரை, சன்ரூஃப் போன்றவற்றை விட்டுவிட்டு, ஃபோர் வீல் டிரைவ், காற்றுப்பை, இரும்புச் சக்கரம், சுமை ஏற்றப் பின்தட்டு ஆகியவற்றோடு ஒரு மலிவு வகையைத் தர வேண்டும். பழுது பார்க்கும் பயிற்சியும் கருவியும் மலையடிவாரப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும். லாரி கட்டுமானத்துக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் அதைக் கற்றுக்கொள்ளும் கைகளுக்குப் பஞ்சமில்லை.