மருத்துவக் கல்லூரித் தேர்வு: ஆசையோடு கணக்கும் வேண்டும்

ஜோர்ஜ்டவுன்: எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததும் நம்மவர் வீடுகளில் எழும் கேள்வி, "பிள்ளை டாக்டருக்குப் படிக்குமா?" என்பதுதான். நிபோங் திபால் தோட்டமானாலும் டத்தோ கிராமாட் அடுக்குமாடியானாலும் அந்த ஆசையில் வேறுபாடில்லை. எந்தக் கல்லூரி நடைமுறைக்கு ஒத்துவரும் என்ற கணக்கைத்தான் பலர் தாமதமாகப் போடுகிறார்கள்.

உண்மையில் அந்தக் கணக்கு நான்காம் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், மேலும் ஒரு பாடம் என ஐந்து பாடங்களில் குறைந்தது 'பி' தேவை என்பது மலேசிய மருத்துவ மன்றம் வகுத்த தகுதி. உயிரியலை விட்டுவிட்ட மாணவருக்குப் பின்னால் வழி கிடைப்பது கடினம்.

அந்த 'பி' வாசலைத் திறக்கும்; அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தராது. அங்கே எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் 4.00 அல்லது அதை ஒட்டிய புள்ளியோடு பலர் போட்டியிடுகிறார்கள்; நேர்முகத் தேர்வும் உண்டு. 4.00 எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளைகளின் கதை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் கட்டணம் மிகக் குறைவு என்பதால் முதல் விண்ணப்பம் இங்கேதான் போக வேண்டும். எஸ்.பி.எம்.மில் 10ஏ பெறுவோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்ததையும் பெற்றோர் மறக்கக்கூடாது.

பினாங்குக்காரர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குளுகோரில் உள்ள யு.எஸ்.எம்.மில் சேர்ந்தால் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைக்கிறார்கள். அதன் மருத்துவப் பள்ளியோ கிளந்தான், குபாங் கெரியானில் இருக்கிறது.

நகருக்குள்ளேயே, செப்பாய் லைன்ஸ் சாலையில் இருப்பது ஆர்.சி.எஸ்.ஐ. யு.சி.டி. மலேசியா வளாகம். 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இதுதான். படிப்பின் முதற்பகுதி அயர்லாந்தின் டப்ளினில், பிற்பகுதி இங்கே. தரம் நல்லது, செலவு யூரோவில் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கெடா, செமிலிங்கில் ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வடக்கிலுள்ள குடும்பங்களுக்குப் பக்கம்.

தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஐந்தாண்டுக் கட்டணம் மூன்று இலட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது. பி.டி.பி.டி.என். கடன் அதை முழுமையாக ஈடுகட்டாது. இபிஎஃப் பணத்தை எடுத்து, வீட்டை அடகு வைத்து, மூன்றாம் ஆண்டில் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளை திரும்பி வந்தால் கடனும் மிஞ்சும், பட்டமும் இருக்காது. அதனால் முதலாண்டுக்கு மட்டுமல்ல, ஐந்தாண்டுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

வெளிநாடு போக நினைத்தால், முகவர் சொல்வதை வைத்து முடிவெடுக்கக்கூடாது. அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பெற்றோரே பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாவிட்டால் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க நம் பிள்ளைகளும் நீட் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

பட்டம் வாங்கியதும் நிரந்தர அரசாங்க வேலை என்ற காலமும் போய்விட்டது. 2016 டிசம்பர் முதல் பயிற்சி மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே எடுக்கப்படுகிறார்கள். இதை எதிர்த்து 2021 ஜூலையில் அவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தமும் செய்தார்கள். தனியார் கல்லூரிக் கடனை எத்தனை ஆண்டில் அடைக்கலாம் என்று பார்ப்பவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விண்ணப்பப் பட்டியலில் மருந்தியல், பல் மருத்துவம், பிசியோதெரபி போன்ற ஒரு படிப்பையாவது சேர்ப்பது நல்லது. யு.பி.யு. விண்ணப்பத்தில் மருத்துவத்தை மட்டுமே வரிசையாக நிரப்பி, கடைசியில் எதுவும் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.