காணிக் கம்பனிக்கு என்ன பெயர்?

சித்தப்பா மகன் கொழும்பில் பன்னிரண்டு வருடம் கடையில் நின்று சேர்த்த காசோடு உடப்புசல்லாவைக்குத் திரும்பியிருக்கிறான். கூட்டாளிகள் இரண்டு பேர். டவுன் பக்கம் சிறு காணித் துண்டுகளை வாங்கி, வீடு கட்டி, வாடகைக்கு விடுவது திட்டம். கணக்கெல்லாம் போட்டாயிற்று, பெயர்தான் அமையவில்லை. "அண்ணே, நீங்க எழுதுற ஆளு. ஒரு நல்ல பேரா சொல்லுங்க" என்று தாளொன்றை நீட்டினான். ரோயல், கோல்டன், கிரீன் என்றெல்லாம் தொடங்கி, எஸ்டேட்ஸ், ஹோல்டிங்ஸ் என்றெல்லாம் முடிகிற பதினான்கு பெயர்கள் அதில் இருந்தன.

முதலில் 'எஸ்டேட்' வருகிற எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். கொழும்பில் ரியல் எஸ்டேட் என்றால் காணி, வீடு விற்கிற தொழில். எங்கள் மலையில் எஸ்டேட் என்றால் தோட்டம்; துரை, கங்காணி, பெரட்டு, கொழுந்து, தொழிலாளரின் வரிசை வீடான லயம். டவுன் பள்ளிக்கூடத்தில் 'எஸ்டேட் பிள்ளை' என்று கூப்பிடப்பட்டுக் கூசி நின்றவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அந்தச் சொல்லைப் போர்டில் எழுதுமுன், அதை யார் எப்படிக் கேட்பார்கள் என்று யோசிக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வீடு கொடுக்கப் போகிறவன் அவர்களைச் சுட்ட சொல்லை வாசலில் மாட்டக் கூடாது.

இந்த மலையில் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் தொலைவில் இருந்து வந்தவர்கள்தான். லிடெஸ்டேல், கிர்க்லீஸ் என்று எங்கள் பக்கம் தோட்டங்கள் உண்டு. லிடெஸ்டேல் ஸ்கொட்லாந்தின் எல்லைப் பகுதியில் உள்ள பள்ளத்தாக்கு. கிர்க்லீஸ் யோக்ஷயரில் உள்ள இடம். காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்ட வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் நினைப்பைக் கூடவே கொண்டுவந்து நட்டார்கள். லக்கிலேண்ட் என்றும் ஒரு தோட்டம் உண்டு. பெயரிலேயே அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆனால் கொழுந்தெடுத்தவர் யாரையும் கேட்டு வைத்த பெயர் அல்ல அது.

கம்பனிகளின் பெயர்களும் அப்படித்தான் இருந்தன. சிலோன் கம்பனி என்ற பழைய நிறுவனம் நொடித்துப் போய், அதன் தோட்டங்கள் 1887இல் ஈஸ்டர்ன் புரொடியூஸ் அன்ட் எஸ்டேட்ஸ் என்ற புதிய கம்பனியின் கைக்குப் போயின. விளைபொருள் ஒன்று, தோட்டம் ஒன்று. பங்கு வாங்குகிற லண்டன்காரருக்கு வேண்டிய இரண்டும் அந்தப் பெயரில் இருந்தன, அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கியபோது தேயிலைக்குத் தன் பெயரையே வைத்தார். கிளாஸ்கோவில் மளிகைக்கடையால் பெயர் எடுத்தவருக்கு அது பொருந்தியது. என் தம்பியின் பெயர் இன்னும் நாலு தெருவுக்கு அப்பால் தெரியாது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றை இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்தபோது புதிய பெயர்கள் தேவைப்பட்டன. மஸ்கெலியா, கொட்டகலை, பொகவந்தலாவை, தலவாக்கலை, வட்டவளை, மதுல்சீமை, எங்கள் உடப்புசல்லாவை என்று பெரும்பாலும் ஊர்ப் பெயர்களே வந்தன. நிருவாகம் கைமாறியது, பங்குதாரர்கள் மாறினார்கள், அந்த ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறவில்லை. நிலத்தோடு ஒட்டிய பெயர், வைத்தவரைத் தாண்டி நிற்கும். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஆனால் அந்தக் கம்பனிகளுக்கும் நிலம் சொந்தமில்லை. 2045 வரையான 53 வருடக் குத்தகைதான். தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லயத்துக்கு உறுதி கிடையாது. தம்பி வாங்கப் போவது தேயிலை மலை அல்ல, டவுனை ஒட்டிய தனியார் காணி. அதனால் தோட்டத்தை நினைவூட்டும் பெயர், இல்லாத ஒன்றை விற்பதாகிவிடும்.

பெயர் தப்பான இடத்தைக் காட்டக் கூடாது என்பதற்கு எங்கள் ஊரிலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக, 2 அடி 6 அங்குல அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியது. 1904 வாக்கில் ராகலையை எட்டி, அங்கேயே நின்றுவிட்டது. 1940களில் பாதையையும் மூடிவிட்டார்கள். அதன் பெயர் உடப்புசல்லாவை ரயில் பாதை. உடப்புசல்லாவைக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் ஒரு ஏக்கம் இருக்கும். நுவரெலியா என்று விளம்பரம் போட்டு, வேனில் ஏற்றி, வலப்பனைப் பக்கம் இறக்கிக் காணி காட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வாங்குகிறவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள்.

சட்டம் சொல்வதையும் தம்பிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தனியாகவோ கூட்டாகவோ சொந்தப் பெயரல்லாத பெயரில் தொழில் செய்தால், வணிகப் பெயராகப் பதிய வேண்டும். இதற்கான கட்டளைச் சட்டம் 1918இலேயே வந்துவிட்டது. கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். ஏற்கெனவே உள்ள கம்பனியின் பெயர் கிடைக்காது. மக்களைத் திசைதிருப்பும் பெயர் என்று பதிவாளர் கருதினாலும் கிடைக்காது. 'தேசிய', 'அரச', 'ஸ்ரீலங்கா' போன்று அரசோடு தொடர்பு காட்டும் சொற்களுக்குத் தனி அனுமதி வேண்டும். அவனது தாளில் இரண்டு பெயர்கள் இந்த இடத்திலேயே விழுந்தன. 'பினான்ஸ்' என்று முடிந்த இன்னொன்றையும் வெட்டினேன். மத்திய வங்கியின் உரிமமோ அனுமதியோ இல்லாமல் அந்தச் சொல்லைப் பெயரில் வைக்கக் கூடாது என்கிறது 2011ஆம் ஆண்டின் நிதி வணிகச் சட்டம். சொல்லை நம்பிக் காசு கொடுப்பவர்கள் இருப்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. 2008இல் கோல்டன் கீ கம்பனி முடங்கியபோது, வைப்புப் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். தங்கச் சாவி என்ற அழகான பெயர் அவர்கள் காசைக் காக்கவில்லை. 'கோல்டன்' என்று தொடங்கிய மூன்றும் போயின. தாளில் வெட்டாமல் மிஞ்சியவை நாலு.

எண்சோதிடம் பார்க்க வேண்டும் என்றான் தம்பி. பார்க்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கூட்டுத்தொகைக்காக இங்கிலிஷ் எழுத்தைக் கூட்டிக் குறைத்தால், பெயரைக் காதால் கேட்டவர் கையால் எழுதித் தேடும்போது கிடைக்காமல் போகும். இங்கே ஒரு பெயர் மூன்று மொழி வாயிலும் நுழைய வேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மாமாவும் அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். காணி விற்பவர் பெரும்பாலும் அவர்தானே.

நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். 'மேட்டு லயம்'. லயம் என்பதில் வீடும் இருக்கிறது, தாளமும் இருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை. அடுப்படியிலிருந்து சித்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

"லயத்த விட்டு வெளிய வர நாங்க பட்ட பாடு ஒனக்குத் தெரியாதா தம்பி? அதையே போர்டுல எழுதி மாட்டுவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. பதிவேட்டில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டு, மலையகத் தமிழர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட சனம் நாங்கள். ஒரு பெயர் எங்கே வலிக்கும் என்பது சித்திக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரே சொன்னார்: "பீலிக்கரைன்னு வைங்களேன். கணக்கப்புள்ள வீட்டுக்காரியும் அங்கதான் வருவா, நாங்களும் அங்கதான் போவோம். தண்ணிக்கு எல்லாரும் வந்துதானே ஆகணும்."

மலையிலிருந்து ஊற்று நீர் குழாய் வழியே விழுகிற இடம் பீலி. துணி துவைத்து, குளித்து, குடம் நிறைத்து, ஊர்ச் சேதி எல்லாம் பரிமாறிய இடம். சிங்களத்திலும் அதை 'பீல்ல' என்றுதான் சொல்கிறார்கள். மூன்று பேரும் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தோம். தம்பி தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் அதை எழுதினான். பிறகு போனை எடுத்து, அந்தப் பெயரில் ஏற்கெனவே கம்பனி ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாகப் போட்டுத் தேடத் தொடங்கினான்.