தறிக்கூடத்து மனைவிமார்

பல்லடம், மங்கலம், அவிநாசி, சோமனூர் வட்டாரங்களில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர் பலருக்கு வீடும் தறிக்கூடமும் ஒரே காம்பவுண்டுக்குள்தான். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். அதைக் காடா துணியாக நெய்து கொடுத்தால் கூலி. துணியில் தறிக்காரருக்கு உரிமை இல்லை. தறியும் அதன் தேய்மானமும் மட்டுமே அவருடையவை.

அவர் மனைவிக்கு அடுப்படிக்கும் தறிக்கும் இடையே பத்தடி தூரம். உலை வைத்த கையோடு தார் சுற்ற உட்காருவார். அறுந்த இழையைப் பிணைப்பார், நெய்த துணியை மடித்துவைப்பார். ஆள் வராத ஷிப்டில் தறியையும் அவரே ஓட்டுவார். சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் ஜாடைதான். பழகிய காதுக்கு எந்தத் தறி நின்றது என்பது சமையல்கட்டிலேயே தெரிந்துவிடும். அந்தக் காதுதான் வயதானபின் மந்தமாகிறது. பஞ்சுத் தூசி படியாத பாத்திரம் கிடையாது. தறி வாங்கவும், ஆட்களுக்கு முன்பணம் கொடுக்கவும் பல வீடுகளில் அடகுக்குப் போனது அவர் நகைதான்.

கணவன் தொழில் செய்யும் இடத்திலேயே மனைவி குடித்தனம் நடத்துவது உலகத்துக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல்களில் கேப்டன்களின் மனைவியர் சிலர் ஆண்டுக்கணக்கில் உடன் சென்றார்கள். மேரி புரூஸ்டர் 1845இல் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டோனிங்டனிலிருந்து ‘டைகர்’ கப்பலில் கிளம்பினார். மேரி சிப்மன் லாரன்ஸ் 1856 முதல் 1860 வரை மகளோடு ‘அடிசன்’ கப்பலில் வாழ்ந்தார். மாலுமிகளுக்கு மாதச் சம்பளம் இல்லை. பிடித்த எண்ணெயில் ஆளுக்கொரு பங்கு. துணி தைத்து, நோயாளியைக் கவனித்த கேப்டன் மனைவி அந்தப் பங்குப் பட்டியலில் வரமாட்டார்.

விசைத்தறிக் கணக்கும் அப்படித்தான். கூலி நெய்த துணிக்கு. ஆள் சம்பளம், மின்கட்டணம், உதிரிபாகம் என்று செலவு எழுதும்போது வீட்டுப் பெண்ணின் உழைப்பு இலவசமாகிவிடுகிறது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23%, மற்ற ரகங்களுக்கு 20% கூலி உயர்வு பேசி முடிக்கப்பட்டது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நிறுத்தப்பட்டன. தறி நின்ற நாட்களிலும் வீட்டுச் செலவு நிற்கவில்லை. அதைச் சமாளித்ததும் வீட்டுப் பெண்கள்தான்.

2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். உதவிதான், ஆனால் அது தறிக்கான சலுகை. அடுத்த கூலிப் பேச்சுக்குச் செலவுப் பட்டியல் போடும் சங்கங்கள் மனைவி ஓட்டும் ஷிப்டுக்கும் ஒரு தொகை எழுத வேண்டும்.