குறைந்த நீரில் நாட்டுச் செடித் தோட்டம்

ஒரு வட்டாரத்தின் மண்ணிலும் மழையிலும் நெடுங்காலமாகத் தானே வளர்ந்து வரும் செடி, கொடி, மரங்களைக் கொண்டு, வெளியிலிருந்து மிகக் குறைவாக நீர் ஊற்றி, வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றிப் பராமரிக்கப்படும் தோட்டம் நாட்டுச் செடித் தோட்டம் எனப்படும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் வடகிழக்குக் கடலோரச் சமவெளியை, அதாவது சென்னை முதல் புதுச்சேரி, கடலூர் வரையுள்ள பகுதியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. மலைப்பகுதிக்கும் கரிசல் நிலத்துக்கும் செடிகள் மாறும். முறைகள் பெரிதும் மாறா.

தேவை ஏன்?

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அத்தகைய கோடையில் ஒரு புல்தரைக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். கோடை வெயிலில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது எனக் கொண்டால், 300 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 28 சதுர மீட்டர் புல்லுக்கு நாள்தோறும் 140 லிட்டர் தேவை. நகரக் குடிநீர்த் திட்டங்கள் வகுக்கும்போது ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கும் அளவு 135 லிட்டர். வீட்டு முன்புறத்துக் கொரியன் புல் ஓர் ஆளின் பங்கைக் குடித்துவிடுகிறது.

குறைந்த நீர்த் தோட்டக்கலைக்கு அமெரிக்காவின் டென்வர் நகரத் தண்ணீர்த் துறை 1981இல் 'ஜெரிஸ்கேப்' என்று பெயரிட்டது. உலர்ந்த என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த பெயர் இது. அதைச் 'சைபர்' தோட்டம் என்று புரிந்துகொண்டு சரளைக்கல் கொட்டியவர்களும் உண்டு. நம் ஊரில் இதற்கு இணையானது வாசல் முழுவதும் சிமெண்ட் ஓடு பதிப்பது. அதற்கு நீர் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் மழைநீர் நிலத்துக்குள் இறங்காது. பகல் வெப்பம் இரவிலும் தங்கும். அதைத் தோட்டம் என்று சொல்வதற்கில்லை.

எது நாட்டுச் செடி?

நீரின்றித் தாங்குவதெல்லாம் நாட்டுச் செடியன்று. சீமைக்கருவேலம் எந்த வறட்சியையும் தாங்கும். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் நம் புறம்போக்குகளையும் கண்மாய்களையும் பிடித்துக்கொண்டு பிற செடிகளை வளரவிடுவதில்லை. உண்ணிச்செடியும் அப்படியே. காகிதப்பூவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், எனினும் அது இவ்வாறு பரவித் தொல்லை தருவதில்லை. வீட்டில் இருப்பதைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

மறுபுறம், நாட்டுச் செடி என்பதற்காக எதையும் எங்கும் நடவும் முடியாது. சண்பகம் நம் பழைய நூல்களில் மணக்கும் மரம்தான். ஆனால் அது ஈரமான மலைச்சரிவுக்குரியது. நீர்மருது ஆற்றங்கரைக்குரியது. இவற்றைச் சென்னையின் செம்மண்ணில் வைத்தால் குடம் குடமாக ஊற்ற வேண்டியிருக்கும். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் பூவும் சொன்ன மரபு நம்முடையது. அந்தப் பாகுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு நாற்றுப்பண்ணையில் மறந்துவிடுகிறோம்.

கடலோரத்தின் பசுமைமாறா உலர்காடு

சோழமண்டலக் கடற்கரையின் இயல்பான காடு வெப்பமண்டலப் பசுமைமாறா உலர்காடு எனப்படும் அரிய வகையைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். பின்னர்ப் பல மாதங்கள் வறட்சி. இருந்தும் இக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை இலை உதிர்ப்பதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியது போன்ற மேற்பரப்பு உடையவை. அதனால் நீராவிப்போக்கு குறைகிறது. இன்று இக்காடு சிறு திட்டுகளாகவே எஞ்சியுள்ளது. அவற்றுள் பல கோயில் காடுகள். மரக்காணம் வட்டாரத்துப் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு பலரும் அறிந்தது. சென்னைக்குள் கிண்டி தேசியப் பூங்காவில் இவ்வகைப் புதர்க்காட்டைக் காணலாம். 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அம்மேட்டு நிலம் அரிப்பெடுத்த வெறும் செம்மண்ணாக இருந்தது. அங்கே மண்வரப்பு கட்டி மழையைத் தேக்கி, இக்காட்டு மரங்களைக் கொண்டே பல இடங்களை மீண்டும் பசுமையாக்கினார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

இக்காட்டுச் செடிகளுள் வீட்டுக்கு ஏற்றவை பல. நான் முதலில் சொல்வது காயா. காசான் என்றும் பெயர். 'காயாம்பூ வண்ணன்' என்று திருமாலைச் சொல்கிறோமே, அந்தப் பூ. கிளைகளை ஒட்டி நீலப் பூக்கள் கொத்தாக மலரும். பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதில்லை. வேலிக்குக் களா நல்லது: முள் உண்டு, மணமுள்ள வெள்ளைப் பூ உண்டு, காய் ஊறுகாய்க்கு ஆகும். ஆடு மாடு நுழையும் இடமானால் ஆடாதொடையும் நொச்சியும் நடலாம். வெயில் நேரே விழும் இடத்துக்கு ஆவாரை. அதன் மஞ்சள் பூ பொங்கலின்போது கொங்கு நாட்டில் காப்புக் கட்டப் பயன்படுவது. புல்தரைதான் வேண்டும் என்பவர்கள் பொடுதலையைப் படரவிடலாம். அதை வெட்டவும் வேண்டாம். சிறு பூக்களுக்குத் தேனீக்கள் வரும். இடமிருந்தால் ஒரு மாவிலங்கமோ புங்கமோ போதும்.

நடுதலும் நீரும்

நடும் பருவம்தான் பாதி வெற்றி. புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் வேர் இறங்கக் கிடைக்கும். சித்திரை வெயில் வருவதற்குள் செடி தன்காலில் நிற்கும். மாசி, பங்குனியில் நடுவது நீரையும் செடியையும் வீணாக்குவது. ஆளுயரக் கன்றைவிட ஓரடி, ஒன்றரையடிக் கன்றே நல்லது. நெடுநாள் பையிலிருந்த பெரிய கன்றின் வேர் சுருண்டு போயிருக்கும்.

நாட்டுச் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்பது தவறு. முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் வேண்டும். நாள்தோறும் தெளிப்பதைவிட, முதல் கோடையில் வாரம் இருமுறையும் அடுத்த கோடையில் வாரம் ஒருமுறையும் ஆழமாக நனையும்படி ஊற்ற வேண்டும். மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நின்றுவிடும். இதற்குப் பானைப் பாசனம் எளிய வழி. மெருகிடாத மண்பானையைச் செடியருகே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவைக்க வேண்டும். மண் உலரும்போது நீர் பானைச் சுவர் வழியே கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். மூட மறந்தால் கொசு முட்டையிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பானையின் நுண்துளைகள் நாளடைவில் அடைபடும். அப்போது பானையை மாற்ற வேண்டும்.

உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல், மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்கு மண்மேல் பரப்புவது மூடாக்கு. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் போட வேண்டும், இல்லையேல் பட்டை அழுகும். மாணவர்கள் இதன் பயனைத் தாங்களே அளக்கலாம்: ஒரே அளவுள்ள இரு தொட்டிகளில் ஒரே எடை மண்ணும் நீரும் இட்டு, ஒன்றில் மட்டும் சருகு பரப்பி, ஒரு வாரம் நாள்தோறும் எடை பார்த்து வரைபடம் வரைக.

மழைநீரும் கணக்கில் சேர வேண்டும். 1000 சதுர அடி மொட்டைமாடி சுமார் 93 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4650 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 3700 லிட்டர் மிஞ்சும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயின் வழிவை, மரம் நிற்கும் தாழ்வான பாத்தி வழியாகத் திருப்பினால் மரமும் பிழைக்கும், கிணறும் ஊறும். துணி துவைத்த நீரைத் தொடர்ந்து ஒரே இடத்தில் ஊற்றக்கூடாது. சோப்புத்தூளின் சோடியம் மண்ணை இறுகச் செய்யும். அரிசி, காய்கறி கழுவிய நீருக்கு இந்தக் குறை இல்லை. அதைச் சமையலறைப் பக்கத்துக் கீரைப் பாத்திக்கு விடலாம்; கீரைக்கு எப்படியும் நீர் வேண்டும்.

பூச்சிகளும் அச்சங்களும்

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழு இலையைத் தின்றால் உடனே மருந்தடிக்கிறார்கள். அவை பெரும்பாலும் அழகிகள் எனப்படும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். ஆவாரையில் வெண்மஞ்சள் நிறப் பூச்சிகளும் எருக்கில் வெந்தய வரியனும் முட்டையிடும். இலை மீண்டும் துளிர்த்துவிடும்.

புதர் வளர்த்தால் பாம்பு வரும் என்ற அச்சம் முற்றிலும் பொய்யன்று. செங்கல் குவியலும் குப்பையும், எலியும் உள்ள இடத்துக்கே அது பெரும்பாலும் வரும். வாசலிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் நான்கடி தள்ளிப் புதர்களை வைத்து, அடிக்கிளைகளைக் கழித்துவிட்டால் தரை கண்ணுக்குத் தெரியும். செங்காந்தள் நம் மாநில மலராயினும் அதன் எல்லாப் பகுதியும், குறிப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது.

கன்றுகள் வனத்துறை நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும். காட்டிலிருந்தும் கோயில் காட்டிலிருந்தும் செடியைப் பெயர்த்து வரக்கூடாது. சாலையோரத்து ஆவாரையின் முற்றிய நெற்றிலிருந்து விதை எடுத்து, கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைக்கும். வேப்பம் விதையை மட்டும் சேமித்து வைக்க வேண்டாம்; அதன் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும்.