பனிக் காலையும் கிளம்ப மறுக்கும் உழவு இயந்திரமும்

தை மாதத்து விடியற்பொழுதிலே நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளைப் பக்கம் சென்றவர்கள், புல்நுனிகளிலே உப்புத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கும் காட்சியைக் கண்டிருப்பர். கண்டவர் மனங் களிக்கும் காட்சிதான். ஆனால் அக்குளிரிலே கரட் மூடைகளை இழுவைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, எவ்வளவு சுழற்றியும் உயிர்பெறாத இரு சில்லு உழவு இயந்திரத்தின் முன்னே மூச்சிரைக்க நிற்கும் தோட்டக்காரருக்கு அந்த அழகு புலப்படுவதில்லை. பெருந்தெருவில் நிற்கும் மரக்கறி லொறி எவருக்காகவும் காத்திருப்பதில்லை. கழுவிக் கட்டிய கரட் ஒரு நாள் தங்கினால் விலை விழுந்துவிடும்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் இரண்டு நாள் நாம் அங்கே ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தோம். நண்பரின் தம்பி வலது கையிற் கட்டுப் போட்டிருந்தார். காரணம் வினவினோம். "மெசின் திருப்பி அடிச்சிருச்சுங்க ஐயா" என்றார். முந்திய வாரம் இதேபோன்றதொரு காலையில், சுழற்றுபிடி எதிர்ப்புறமாகத் திரும்பி அவருடைய மணிக்கட்டை முறித்துவிட்டதாம். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாத வீட்டில், உழைக்கும் கைகள் நான்கில் ஒன்று ஆறு வாரத்துக்கு இல்லாமற் போயிற்று. அன்றிரவு நமது பேச்செல்லாம் அந்த இயந்திரத்தைப் பற்றியதாகவே இருந்தது.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் 'லான்ட்மாஸ்டர்' என்று அழைக்கப்படும் இவ்வகை இயந்திரங்கள் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் கொண்டவை, டீசலில் இயங்குபவை. வயற்கரைகளிலே இவை காலையில் முரண்டுபிடிப்பது அரிது. மலையிலே மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

பெற்றோல் இயந்திரத்திலே எரிபொருளைக் கொளுத்த ஒரு மின்பொறி உண்டு. டீசல் இயந்திரத்திலோ பொறியும் இல்லை, திரியும் இல்லை. ருடோல்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டு ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் புதுமையே அதுதான். சிலிண்டருக்குள் இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கினால், அக்காற்று தானே கொதித்துச் சூடேறுகின்றது. அந்தச் சூட்டிலே தெளிக்கப்படும் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்கின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஆகவே அமுக்கத்தால் வரும் சூடு குறைந்தாற் காரியம் கெட்டது. உட்செல்லும் காற்று இருபது பாகை குளிர்ந்திருப்பின், அமுக்கி முடிந்தபின் அந்தக் குறைவு ஐம்பது பாகையளவுக்குப் பெருகிவிடும். பனியில் நனைந்து கிடந்த இரும்பு, எஞ்சிய சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். இராமுழுதும் குளிர்ந்த மசகெண்ணெய் பாகுபோலத் தடித்துவிடுவதாற் சுழற்றுபிடி வேகமாகச் சுழலாது. சுழற்சி மந்தமானால் அமுக்கிய காற்று தேய்ந்த வளையங்களின் இடுக்கால் நழுவிவிடும். போதாக்குறைக்கு, ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே காற்றின் அமுக்கமும் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இத்தனையும் ஒன்றுகூடினால் இயந்திரம் வெண்புகையை மட்டும் கக்கிவிட்டு வாளாவிருப்பது வியப்பன்று. அந்த வெண்புகை, எரியாமல் வெளியேறும் டீசலே.

இது நம் மலைக்கு மட்டும் வந்த வழக்கன்று. ஜெர்மனியில் 1921ஆம் ஆண்டு வெளிவந்த 'லான்ஸ் புல்டொக்' என்னும் உழவு இயந்திரத்தின் தலையிலே ஊதுவிளக்கின் சுவாலையைப் பிடித்துச் செங்கனல் ஏறுமட்டும் சூடாக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் 'பீல்ட் மார்ஷல்' இயந்திரத்துக்கு, புகையும் காகிதச் சுருளொன்றைச் சிலிண்டரின் தலைக்குள் திருகி வைப்பர். அதுவும் போதாதெனில் துப்பாக்கித் தோட்டா போன்றதொன்றை வெடிக்கச் செய்து பிஸ்டனை உந்துவர். காலை வேலையைத் துப்பாக்கி வெடியோடு தொடங்குவதென்றால் ஊராருக்குக் கடிகாரமே வேண்டியிராது! நம் நாட்டுக்கு நன்கு பழகிய 'முப்பத்தைந்து' இயந்திரமுங்கூட, 1950களில் நான்கு சிலிண்டர் டீசலோடு வந்தபோது குளிர்காலத்திற் கிளம்பாமைக்குப் பேர்போனதாயிருந்தது. 1959இன் பிற்பகுதியில் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் பொருத்தப்பட்ட பின்னரே அந்தப் பழி நீங்கிற்று.

நண்பர் முன்னர் ஒரு பழுதுபார்க்கும் கடையில் இதுபற்றிக் கேட்டபோது, காற்றுப் போகும் வாயில் ஈதர் தெளிக்கும்படி சொல்லியனுப்பினராம். அவர் சில நாள் அப்படியே செய்தார். ஈதர் எளிதிற் பற்றும். ஆனால் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னரே வெடித்து வளையங்களை உடைத்துவிடவும் கூடும், சுழற்றுபிடியைத் திருப்பி அடிக்கவும் கூடும். தம்பியின் கை முறிந்ததும் ஈதர் தெளித்த ஒரு காலையிலேதான். சூடாக்கும் செருகி பொருத்திய எஞ்சினில் ஈதர் தெளிப்பது இன்னும் ஆபத்து. எரியும் துணிப்பந்தத்தைக் காற்று வாயிற் பிடிப்போரும் உளர். டீசற் தாங்கிக்கு அருகே தீயோடு விளையாடுவதை எவ்வாறு வருணிப்பதென்று நமக்குத் தெரியவில்லை.

மறுநாட் காலை நாலரை மணி. நண்பர் இருமுறை முயன்றார், வெண்புகைதான் வந்தது. நாமும் ஒருமுறை பிடித்துப் பார்த்தோம்; அரைச்சுற்றோடு நமது வீரம் அடங்கிற்று. அப்போது நண்பரின் தாயார் அடுக்களையிலிருந்து கேத்தலோடு வந்தார்.

"பழைய தண்ணிய வடிச்சிட்டு இத ஊத்துப்பா. கொதிக்கக் கொதிக்க ஊத்திராதே, இரும்பு வெடிச்சிரும்" என்றார்.

இளஞ்சூட்டு நீர் குளிர்ந்த சிலிண்டரைச் சுற்றி நிறைந்தது. நண்பர் காற்று வாயில் மசகெண்ணெய் சில துளிகள் மாத்திரம் விட்டார். அது வளையங்களின் இடுக்கை அடைத்து அமுக்கத்தை மீட்கும். பின்னர் அமுக்கம் நீக்கும் நெம்பை இடக்கையால் உயர்த்திக்கொண்டு, டீசல் போகாதபடி இருபது சுற்றளவு மெல்லச் சுழற்றி, உறைந்த எண்ணெயை இளகச் செய்தார். அதன்பின்னரே டீசலைத் திறந்தார். அவருடைய பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகவே இருந்ததைக் கவனித்தோம். பெருவிரலைச் சுற்றிப் பிடித்தால், பிடி திருப்பி அடிக்கும்போது கை விடுபடாது. தம்பி அன்று சுற்றித்தான் பிடித்திருந்தாராம்.

வேகம் உச்சத்தை அடைந்ததும் நெம்பை விட்டார். 'டுக்' என்றொரு சத்தம், சிறிது தயக்கம், பின்னர் 'டுக் டுக் டுக்' என்று தேயிலைச் சரிவெல்லாம் எதிரொலித்தது.

இனிமேல் மாலையிலேயே தண்ணீரை வடித்துவிடுவதென்றும், இயந்திரத்தைச் சாக்கினால் மூடிக் கொட்டிலுக்குள் நிறுத்துவதென்றும், மழைக்காலத்துத் தடித்த எண்ணெயை மாற்றி மெல்லிய எண்ணெய் ஊற்றுவதென்றும் நண்பர் அங்கேயே தீர்மானித்துக்கொண்டார். வளையங்களை மாற்றக் கரட் பணம் வரவேண்டும். ஈதர்க் குப்பியைத் தாயார் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே வைத்தாரென்று எவரும் கேட்கவில்லை.

தம்பி கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி மூடைகளின்மேல் ஏறி அமர்ந்தார். லொறி புறப்பட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.