மட்டாஞ்சேரியில் ஒரு குடும்பப் படம்

விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியவர்கள் வீட்டுக்குச் சென்றால், காபி வருவதற்கு முன் படங்கள் வந்துவிடும். முன்பெல்லாம் ஆல்பம். இப்போது தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து நானூறு படங்கள்! தாஜ்மஹால் முன் நால்வர், மீனாட்சியம்மன் கோவில் கோபுரத்தின் முன் அதே நால்வர், கன்னியாகுமரியில் அதே நால்வர், சட்டைதான் மாறியிருக்கும். கோபுரம் முழுதாகத் தெரியும், மனிதர்கள் தீக்குச்சி உயரத்தில் நிற்பார்கள். "ஓரத்தில் நிற்பது யார், பெரியம்மாவா?" என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1999-இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்தது முதல், கோவை, பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கத்து நம் குடும்பங்கள் பல கொச்சி வழியாகவே ஊருக்குப் போகின்றன. திரும்பும்போது ஒரு நாள் முன்னதாக வந்து, மட்டாஞ்சேரியையும் கோட்டைக் கொச்சியையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு விமானம் ஏறுவது வழக்கமாகிவிட்டது. சென்ற டிசம்பரில் நாங்களும் அப்படித்தான் போனோம். வழியனுப்ப வந்த என் அம்மா, தங்கை குடும்பம் எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். நான் ஸ்டூடியோ வைத்திருப்பவன் அல்லன். வீட்டில் படம் எடுக்கும் வேலை முப்பது ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது, அவ்வளவே. அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் என்று நான் நினைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மாமா காலமானபோது, சட்டம் போட்டு மாலை சாத்த ஒரு படம் தேடினோம். எங்களோடு மூன்று விடுமுறைப் பயணங்களில் வந்தவர் அவர். எல்லாப் படத்திலும் இருக்கிறார்; எதிலும் முகம் இல்லை. ஒன்றில் வெயிலுக்குக் கண்ணை மூடியிருக்கிறார், இன்னொன்றில் பெட்டிகளுக்குக் காவலாக ஓரமாய் நிற்கிறார். கடைசியில் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டத்துப் படத்தில் அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். யாரோ ஒருவருடைய கை இன்றும் அவர் தோளின்மேல் இருக்கிறது. அது யார் கை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலில் வெளிச்சம். கொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. லண்டனிலும் டொராண்டோவிலும் கோடையில் இரவு ஒன்பது மணி வரை நீளும் அந்தி வெளிச்சத்துக்குப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். ஆறு மணிக்கு மேல் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் உச்சந்தலையில் இறங்குவதால், புருவத்தின் நிழல் விழுந்து கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள்தாம் தெரியும். காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை நான்கரைக்கு மேல், இவையே முகத்துக்கு ஏற்ற நேரம். நண்பகலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் நிழலுக்குப் போங்கள். கோட்டைக் கொச்சியில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன. மட்டாஞ்சேரி யூதத் தெருவோ குறுகிய சந்து. ஒரு பக்கத்துச் சுவர் எப்போதும் நிழலாக இருக்கும், எதிர்ச்சுவரில் பட்ட வெயில் மென்மையாகத் திரும்பி முகத்தில் விழும்.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் மழையைக் கண்டு கேமராவை உள்ளே வைத்துவிடுகிறார்கள். மேகம் மூடிய வானம் ஸ்டூடியோக்காரர் விளக்குக்கு முன் கட்டும் வெள்ளைத் துணி போன்றது. முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் கொச்சியின் ஈரக்காற்று பட்டு லென்ஸில் பனி படரும். ஐந்து நிமிடம் பொறுத்து, வேட்டி நுனியாலோ பழைய பருத்தித் துணியாலோ துடைத்துவிட்டு எடுக்கவும்.

நம் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலர் ஃபிலிம் காலத்தில் அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை அனுப்பிவந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! 1990-களில்தான் பல நிறத்தவர் சேர்ந்த அட்டை வந்தது. அந்நாளைய ஆல்பங்களில் நம் பாட்டிமார் முகம் கறுத்து, பல் மட்டும் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய தொலைபேசி கெட்டிக்காரத்தனமானது. ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நடுவில் நின்றால் அதுவும் தடுமாறும். திரையில் பாட்டியின் முகத்தை விரலால் ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டு எடுத்தால் அந்த முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். முகத்தை அழகாக்குகிறேன் என்று வெளுக்க வைக்கும் வசதியைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். சந்தன நிறத்தில் ஓர் அத்தையை எனக்குத் தெரியாது.

சீன வலைக்கு வருவோம். எல்லாரும் எடுக்கும் படம் மாலையில் வலையின் முன் வரிசையாக நிற்பது. வலைக்குப் பின்னே சூரியன் இறங்கும் நேரம் அது. வலை அழகாக இருக்கும், நாம் கரிக்கட்டையாக இருப்போம். வலையை மட்டும் எடுப்பதானால் மாலை நல்லது. குடும்பத்தோடு எடுக்கக் காலையில் போங்கள். அதைவிட நல்லது, வலை இழுக்கும் மீனவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளையும் கயிற்றில் கை வைக்கச் சொல்வது. கயிறுகளில் தொங்கும் பெரிய கற்களின் பாரத்தால் அந்த மரச்சட்டம் மேலெழுகிறது. நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது எடுத்த படத்தில் வலை பாதிதான் தெரிகிறது. வலை முழுவதும் வேண்டுமென்றால் அஞ்சலட்டையில் கிடைக்கும். உதவிய மீனவர்களுக்குக் கையில் ஏதாவது கொடுப்பது முறை. அதைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கேமராவை உள்ளே வைக்க வேண்டிய இடங்களும் உண்டு. 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயமும், 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையும் அருகருகே இருக்கின்றன. ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும், அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. உள்ளே படம் எடுக்கலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளவும். கூடாது என்றால் கூடாதுதான். திருட்டுத்தனமாக எடுத்து நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஆலயத்தின் தரையில் சீனத்து நீல வெள்ளை ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கையால் வரைந்தவை, ஒன்றைப்போல் இன்னொன்று இராது என்பார்கள். ஒன்றுபோல் இரண்டு கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே மூவரும் சண்டை போட்ட படம் எங்களிடம் இருக்கிறது.

எங்கள் பயணத்தின் நல்ல படம் கிடைத்த இடம் பயண நூல்களில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் உள்ள தோபி கானா அது. டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள் என்பது வரலாறு. இப்போதுள்ள கட்டடம் 1976-இல் எழுந்தது. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி நுனியைச் செருகி, கிளிப் இல்லாமலே காயப்போடுகிறார்கள். வெள்ளை விரிப்புகளின் ஊடே வந்த வெளிச்சத்துக்கு எந்த ஸ்டூடியோவும் ஈடாகாது.

என் அம்மாவுக்கு 79 வயது. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் விறைத்து நிற்பார். "அடிக்கடி படம் புடிச்சா ஆயுசு கொறையும்" என்பது அவர் கட்சி. தோபி கானாவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா தமிழில் "எந்த ஊருங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், அம்மா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கஞ்சி போடுவது பற்றி இருபது நிமிடம் பேச்சு. அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, நானும் தரையில் உட்கார்ந்து, விரலால் பெரிதாக்காமல் இரண்டடி கிட்டத்தில் போய் எடுத்தேன். அம்மா கையை ஆட்டிச் சிரிக்கிறார். கேமரா இருப்பதே அவருக்கு ஞாபகமில்லை. அந்த அம்மாளுக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பினோம். பெரியவர்களை "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச ஆள் பிடித்துக் கொடுங்கள்.

படம் எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை என்பது இன்னொரு தொல்லை. ஒரு மணி நேரம் கேமராவைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஏழு வயதுக்காரன் எடுத்ததில் பாதி மூக்குத் துவாரங்கள். மீதியில் நானும் என் மனைவியும் சேர்ந்து இருக்கிறோம், பல ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆக்ஃபா கிளிக் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம் என்றிருந்த காலத்தில், ஊட்டியில் செய்த 'இந்து' ஃபிலிமை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். அதனால் ஒவ்வொன்றும் அச்சாயிற்று, பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. நானூறு படம் எடுப்பவர்கள் ஒன்றையும் அச்சிடுவதில்லை. விமானத்தில் திரும்பும்போதே இருபதைத் தேர்ந்தெடுத்து, ஊர் சேர்ந்த வாரமே அச்சிட்டுவிடுங்கள்.

பின்புறம் பென்சிலால் எழுதும்போது "பாட்டி, கொச்சி" என்று எழுத வேண்டாம். எங்கள் வீட்டில் அதே அம்மா என் பிள்ளைகளுக்கு அப்பத்தா, தங்கை பிள்ளைகளுக்கு அம்மிச்சி. பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லாததால், அவர் பெயர் என்னவென்று என் மகளுக்கே தெரியவில்லை. தோபி கானாப் படத்தின் பின்னால் அவளையே எழுதச் சொன்னேன். இனிஷியலோடு பெயர், பிறந்த ஊர், இடம், தேதி. பெயருக்கு எழுத்துக் கூட்டிக் கேட்டுத் தொலைபேசியில் அம்மாவையே அழைத்தாள்.