கந்தோர் அடைபட்ட காலம்

அரசாங்கம் தன் கருமங்களை நிறுத்துமிடத்துத் துன்புறுவோர் யாவர்? இவ்வினாவிற்குரிய விடை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவிலே, செலவுக்குரிய பணத்தைச் சட்டசபை ஒதுக்காவிடின் அரச கருமங்கள் தடைப்படும். 2018 டிசெம்பரில் தொடங்கி 35 நாட்கள் அவ்வாறு நேர்ந்தபோது, ஏறக்குறைய எட்டு இலட்சம் அரச ஊழியர் சம்பளமின்றி இருந்தனர்.

இலங்கையில் 2022இல் நிகழ்ந்தது வேறு. அந்நியச் செலாவணி வற்றியமையால் ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனிறுப்பு இடைநிறுத்தப்பட்டது. எரிபொருள் வாங்கவும் பணமில்லை. யூன் 20 முதல் இரு வாரங்கள் அரச கந்தோர்கள் மிகக் குறைந்த ஊழியருடன் இயங்கின. நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன. சீனக்குடாவில் ஆங்கிலேயர் அமைத்தவற்றுள் எஞ்சிய 99 எண்ணெய்த் தாங்கிகளை அருகே கொண்ட திருகோணமலையும் இதற்கு விலக்கன்று. தாங்கி இருந்தென்ன? நிரப்புதற்குப் பொருள் வேண்டுமன்றோ!

இங்கே அரச ஊழியரின் சம்பளம் நிற்கவில்லை. ஆசிரியனாகிய யானும் வீட்டிலிருந்தே அதனைப் பெற்றேன். ஆனால் மண்ணெண்ணெய் கிடையாத நாளில் மீனவனின் தோணி கரையிற் கிடந்தது. அவனுக்கும் மீன் விற்பவளுக்கும் அன்று வருவாயில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரம் நாடிவரும் கூலியாளன் ஒரு கையொப்பத்துக்காக இருநாட் கூலியை இழக்க நேரிடும். பாடங்கள் கைத்தொலைபேசி வழியே நடந்தன. அஃதில்லாத வீட்டுப் பிள்ளைக்கோ பாடமேயில்லை.

அமெரிக்க அரச ஊழியர் இழந்த சம்பளம் பின்னர் வழங்கப்பட்டது. நாட்கூலியை ஈடுசெய்வார் எவருமிலர். தவறிய பாடத்தையோ ஈடுசெய்தல் கூடும். சம்பளம் பெற்ற எம்மனோர்க்கு அது கடன், அறமன்று.